வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பல்கலைக்கழகம்

மாப்பிள்ளை,

நேற்றுக் காலை கமலா உங்கள் அலுமாரியைத் திறந்தாள். மகள் மதுராவின் விசா விண்ணப்பத்துக்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டியிருந்தது. முதலில் பூச்சி உருண்டை வாசம் வந்தது. அதற்குப் பின்னால் உங்கள் வாசம். நீங்கள் வங்கி வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டுக்குள் அது இன்னும் இருக்கிறது. சவர்க்காரமும் பஸ் புகையும் கொஞ்சம் வியர்வையும் கலந்த வாசம். கமலா கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு கதை பாக்கி இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் எழுதுகிறார். என் பேச்சை ஒழுங்காக்கி எழுதுங்கள், கதைக்குள் நாங்கள் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஞாபகம் என்னுடையது. அதில் அவர் கைவைக்க மாட்டார்.

உங்கள் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். எந்த இடம் என்பதை இந்த வீட்டில் எப்படி முடிவெடுத்தோம் என்று உங்களுக்கு நான் கணக்குச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் கண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில், பார்வையாளர் நேரம் முடிகிறபோது, என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "மாமா, மதுரா எங்க படிக்கிறதெண்டு அவள்தான் சொல்லவேணும். ஒருத்தரும் தங்கட ஆசைக்கு அவளை அனுப்ப விடாதேங்கோ." சரி மாப்பிள்ளை என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் உங்களுக்குக் கொடுத்தது.

அவள் என்ன வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவே ஒரு மாதம் பிடித்தது. முதலீட்டு வங்கி என்றாள். வங்கி என்றதும் நீங்கள் இருந்த அந்தக் கண்ணாடித் தடுப்பும் மேசையும்தான் என் கண்ணில் வந்தன.

"அப்பா செஞ்ச வேலை இல்ல தாத்தா. கவுண்டர் இல்ல, பாஸ்புக் இல்ல. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிய வாங்கப் போகும். அது எவ்வளவு பெறும்னு பார்க்கணும், வாங்க ஆள் தேடணும், ரெண்டு பக்கமும் பேசி முடிக்கணும்."

"கொழும்பு ஏலத்துல நம்ம தேயிலைய வித்துக் குடுக்கிற புரோக்கர் மாதிரியா?"

"அதேதான். தேயிலைக்குப் பதிலா தோட்டத்தையே."

"அப்ப நாங்க வேர்வை சிந்தின தோட்டத்தை நீ விக்கப்போற."

"நல்ல விலைக்கு விப்பேன் தாத்தா, பயப்படாதீங்க."

அந்தத் துடுக்கு உங்களுடையது. கமலாவுக்கு அப்படிப் பேசவராது.

புரோக்கர் என்று சொன்ன பிறகு எனக்கு வழி கிடைத்தது. தெல்தோட்டைத் தேயிலைத் தொழிற்சாலையில் ருசிபார்க்கிற அறை என் பொறுப்பில் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் கொதிக்கவைப்பேன், கோப்பைகளை வரிசையாக வைப்பேன், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தத் தூளின் டின்னை நிறுத்துவேன். பெண் கேட்டுத் தனியாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். உங்களைப் பிடிக்காமல்தான் கூட்டிப்போனேன். டின்களை மாற்றிவைத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நெளிவையும் கறையையும் பார்த்து எந்த டின் எதுவென்று சொல்லிவிடுவேன். நுவரெலியாப் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்றின் டின்னை எங்களுடைய மட்டமான தூளுக்குப் பின்னால் நிறுத்தினேன். நீங்கள் ஒவ்வொரு டின்னாக வாசித்தீர்கள், ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சினீர்கள். அந்த மட்டத் தூளில் கண்ணை மூடி, "இதுதான் மாமா, இது தனி" என்றீர்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு, "நான் பேரைக் குடிச்சிட்டன்" என்றீர்கள். பிறகு டின்களை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லி, எது உசத்தி, எது மட்டம் என்று நாக்கால் மட்டுமே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினீர்கள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு கோப்பையைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் கமலாவை உங்களுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். அதுவரை நானும் யாழ்ப்பாணத்தார் என்ற பேரைக் கேட்டே வேண்டாம் என்று நின்றவன்தான். லண்டனில் இருந்த உங்கள் அக்கா தோட்டத்துப் பெண் என்ற பேரைக் கேட்டதோடு சரி. கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை. உங்களுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு தொலைபேசியில் எடுத்த நேரங்களிலும் கமலாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். மூன்று இடங்கள் மதுராவை ஏற்றுக்கொண்டன. ஒன்று லண்டன். ஒன்று இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு ஊர். மற்றது சிங்கப்பூர். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்கு ஆம் சொல்லவேண்டும், மற்ற இரண்டும் கைவிட்டுப் போகும்.

திங்கட்கிழமை உங்கள் அக்கா லண்டனிலிருந்து தொலைபேசியில் எடுத்தார். மதுரா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பிள்ளை, லண்டன் எண்டால் லண்டன்தான். அந்தப் பேரைச் சொன்னால் கனடாவில இருக்கிற சனமும் எழும்பி நிக்கும். என்ர வீட்டில இரு. மேல் அறை சும்மாதான் கிடக்கு. பிறகு அம்மாவையும் ஒருக்காக் கூப்பிடுவம்."

கடைசி வார்த்தையில் கமலாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, "அப்பா, இருவது வருஷமா கூப்பிடாதவங்க கூப்பிடுறாங்க" என்றாள். நீங்களும் உயிரோடு இருந்தவரை அந்த அழைப்புக்காகத்தானே காத்திருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னேன். பேர் இருக்கிற தலைப்பை மடித்துவிட்டு, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோப்பையைக் கவிழ்த்தேன். "பேரைச் சொல்லாத. முதலாவது, ரெண்டாவது, மூணாவதுன்னு மட்டும் வாசி. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு" என்றேன். படிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாத் தாளும் அவனுக்கு ஒரே வெள்ளைதான்.

நீ கேட்ட படிப்பைக் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் அவள் கேட்ட கணக்கும் பொருளாதாரமும் சேர்ந்த படிப்பு. முதலாவது அதைத் தரவில்லை, நிர்வாகம் சம்பந்தமான முகாமைத்துவம் என்று வேறொன்றைத் தந்திருந்தது. வேலைக்கு ஆள் எடுக்கிறவன் எப்போது வருவான் என்று கேட்டேன். அதில்தான் ஒரு புதினமான சங்கதி சொன்னாள். அந்த வங்கிகள் படிப்பு முடியும்வரை காத்திருப்பதில்லையாம். கடைசி வருஷத்துக்கு முந்திய விடுமுறையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு மூன்று மாதம் வேலை வாங்கி, நிறுத்துப்பார்த்து, பிடித்தவர்களை அப்போதே எடுத்துக்கொள்வார்களாம். போய் இறங்கின முதல் வருஷமே அதற்கான ஓட்டம் தொடங்கிவிடுமாம். பிந்தினால் பிந்தினதுதான்.

"வேலை கிடைக்காம போனவங்களைப் பத்தி எந்தத் தாள் பேசுது?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் கழிவு எவ்வளவு என்று சொல்லாத டீமேக்கரை, அதுதான் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற அதிகாரியை, நான் நம்பியதில்லை. அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இரண்டாவது மட்டும் அதைத் திறந்து சொல்லியிருந்தது.

பிறகு நான் ஒன்று கேட்டேன். "எங்கேருந்து வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம்?"

மதுரா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "தாத்தா, மூணாவது சிங்கப்பூர்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். அதன் ஓரத்தில் நீலக்கோடு இருந்தது. தபாலில் வந்த அன்றே பார்த்திருந்தேன்.

"நீங்க டின்னைப் பார்த்துட்டீங்க" என்றாள். உங்கள் கதையை அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். எண்பது வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

அதோடு அவள் விடவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன் தாத்தா. இந்த வேலையில பேரும் ஒரு சரக்கு. எந்தெந்தப் பல்கலைக்கழகத்துல ஆள் எடுக்கிறதுன்னு வங்கிக்காரங்க மனசுல ஒரு வரிசை இருக்கு. பேரை மூடிட்டுத் தேட முடியாது."

நான் மடக்கப்பட்டுவிட்டேன். ஏலத்திலும் அப்படித்தானே. தோட்டத்து முத்திரைக்கென்று ஒரு விலை உண்டு. தோட்ட முத்திரை ஊர்ச்சனத்துக்குத் தெரிந்து என்ன, ஏலத்தில் கை தூக்குகிறவனுக்கல்லவா தெரியவேண்டும்?

"உன் லண்டன் மாமி சொல்ற பேர் யார் வாயில இருக்கு? கல்யாண வீட்டுக்கு வர்ற சனத்தோட வாயிலயா, வேலை குடுக்கிறவன் வாயிலயா?"

அவளுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொண்டாள், அது எனக்குப் பிடித்தது. அன்றும் மறுநாளும் அந்த வேலையில் இருக்கிற முன்பின் தெரியாத ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேருக்கு எழுதினாள். நான்கு பேர் பதில் போட்டார்கள். வியாழக்கிழமை வாசித்துக் காட்டினாள். முதலாவது, அதாவது லண்டன், பெரிய இடம், ஆனால் உனக்குத் தந்திருக்கிற படிப்பிலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு என்று நால்வரும் சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூர் நல்லது, ஆனால் அது ஆசியப் பக்கத்து வேலைக்கு. இரண்டாவதான அந்த இங்கிலாந்து நடுப்பகுதி ஊரிலிருந்து தாங்கள் வேலைபார்க்கிற மாடியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இருவர் எழுதியிருந்தார்கள். கண்டியில் ஒருவரும் கேள்விப்படாத அந்தப் பேர் லண்டன் வங்கிகளில் எல்லோருக்கும் தெரிந்த பேராம்.

"பேரே கேள்விப்படாத ஊருக்கா?" என்றாள் கமலா. பிறகு, "நீ அங்க போனா மாமி திரும்ப என் பேரை எடுக்கமாட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மதுரா தாள்களை ஒன்றாக அடுக்கினாள். "அம்மாவுக்காக லண்டனே போறேன் தாத்தா. பரவாயில்ல."

அந்தப் பரவாயில்லை என்ற சொல்தான் என்னை எழுப்பியது. நீங்கள் சொன்னது இதைத்தானே. ஒருத்தரும் என்றால் தாயும் அதில் அடங்கும். கமலாவைக் குற்றம் சொல்லமாட்டேன். அவள் கேட்டது நியாயமான மரியாதை. ஆனால் அதைப் பிள்ளையின் மூன்று வருஷத்தைக் கொடுத்து வாங்கக் கூடாது. "மாமியோட நம்பரை அழுத்திக் குடு" என்றேன். இங்கே பொழுது சாய்கிற நேரம், அங்கே மத்தியானம்.

"ஆர் கதைக்கிறது?"

"கமலாவோட அப்பா பேசுறேம்மா, கண்டியிலருந்து."

நானும் அவரும் அதற்கு முன் பேசியதே கிடையாது.

"பிள்ளைக்கு ஏதும்…?"

"நல்லா இருக்கா. உங்க வீட்டுல தங்க அவ வரலை. அதைச் சொல்லத்தான் எடுத்தேன்."

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பள்ளிக்கூடம் போகாதனீங்கள். இதுகள் உங்களுக்கு விளங்காது."

"விளங்காதும்மா. அதான் மூணு தாளையும் ஒரே மாதிரி காது குடுத்துக் கேட்டேன். நீங்க சொல்ற இடம் அவ கேட்ட படிப்பைக் குடுக்கலை. தெரியுமா உங்களுக்கு?"

"அவள் சொல்லேல்லை."

"நீங்க கேக்கலை."

கோபித்து வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மறுபடி பேசினார். அது வேறு குரல். "தம்பியின்ர செத்தவீட்டுக்கும் நான் வரேல்லை. அவன்ர பிள்ளையாவது என்ர கையால சாப்பிடட்டும் எண்டு நினைச்சன்."

"சாப்பிடுவாம்மா. லீவுக்கு வருவா. ரெண்டு மணித்தியாலம் ரயிலாம். ஆனா அவளை மட்டும் கூப்பிடாதீங்க."

"வேற ஆரை?"

"உங்க தம்பி பொண்டாட்டிய."

அப்போதுதான் வைத்தார்.

கமலா என் முன்னால் நின்றாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க அப்பா" என்றாள். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரா அந்த நடுப்பகுதி ஊருக்கு ஆம் சொன்னாள். நான் அவளிடம் ஒரே ஒரு தரம் கேட்டேன், "இது உன் முடிவா?" என்று. "என் முடிவுதான்" என்றாள், என் கண்ணைப் பார்த்து. பக்கத்தில் கமலா வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மச்சாள் நிக்கிறாவோ?"

தவறான நம்பர் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன் மாப்பிள்ளை. இந்த வீட்டில் அப்படி ஒருவரும் இல்லையே. உங்கள் அக்காவின் குரல் என்று பிடிபட்ட பிறகுதான், தம்பி மனைவியை அப்படிக் கேட்கிறார் என்று விளங்கி, கமலாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஊர்க் குளிருக்கு எப்படிப்பட்ட கோட்டு வேண்டும், மிளகாய்த்தூள் கொண்டுவரலாமா, கூடாதா, இவ்வளவுதான். வைத்தபின் கமலா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தாள். நான் சொல்லாமல் குடித்தேன்.

ஆக, உங்களுக்குக் கொடுத்த சொல் நிற்கிறது. ஆனால் ஒருத்தரும் என்றீர்களே, அதில் நானும் அடக்கம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அந்த நீலக்கோட்டுத் தாள்தான் விளங்கவைத்தது. சிங்கப்பூர் என்றால் கிட்ட என்று நினைத்தேன். யாருக்குக் கிட்ட? எனக்குத்தான். மூன்று வருஷம் இந்த வயதில் சின்னக் காலமில்லை. அதற்குப் பிறகு வேலை என்று வேறு சொல்கிறாள்.

அடுத்த மாதம் அவள் போகிறாள். அவளிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காலையில் அவள் தலை சீவும்போதும், என் மருந்தை எடுத்துத் தரும்போதும் அது நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. எப்போது திரும்பி வருவாய் என்பதுதான் அது. கேட்டால் உடனே ஒரு பதில் சொல்வாள், அந்தப் பதிலைக் காப்பாற்றுவதற்காகத் தன் வழியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வாள். நல்ல பிள்ளைகள் அப்படித்தான். ஆகவே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். விமான நிலையத்திலும் கேட்கமாட்டேன் மாப்பிள்ளை.