கிள்ளைப் பிரிவில் போட்ட அம்பு

ஜனவரி 4, ஞாயிறு

நேற்று மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் சைக்கிள் குழுவின் விழா. கடலூரிலிருந்து சவுக்குத்தோப்பு, பரங்கிப்பேட்டை, வெள்ளாற்றுப் பாலம், கிள்ளை, பிச்சாவரம் காடு வழியாகச் சிதம்பரம் வரை போகும் பாதையைப் படம் வரைந்து வெளியிட்டார்கள். வெளியூர் ஆட்களை இனி அதில்தான் கூட்டிப்போகப் போகிறார்களாம். படத்தின் அடியில், 'வழி கண்டவர்: திருநாவுக்கரசு.'

அந்த வழியில் எந்த இடத்தில் நாய் துரத்தும், எந்த டீக்கடையில் கழிப்பறை உண்டு, மழைக்குப் பிறகு எந்தத் தடம் சேறாகும் என்பதெல்லாம் நான் கண்டுபிடித்தது. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்த சனிக்கிழமையெல்லாம் தனியாகப் போய், டயர் வெடித்து, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து கண்டுபிடித்தேன். திருநா சைக்கிள் கடை வைத்திருக்கிறார், குழுவுக்குத் தலைவர். அவர் அந்தப் பக்கம் போனதெல்லாம் நான் சொன்ன பிறகுதான்.

பெயரைக்கூட விட்டுவிடலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "கிள்ளை பக்கத்துல வழி தேடறப்ப தில்லை மரத்துப் பால் என் கண்ணுல தெறிச்சிடுச்சு. ரெண்டு நாள் கண்ணு தெரியாம கெடந்தேன். ஒரு மீனவ அம்மாதான் கையைப் புடிச்சு கூட்டியாந்தாங்க."

அது என் கண். என் கண்ணுய்யா அது! கட்டோடு கிடந்தவள் நான். கையைப் பிடித்துக் கூட்டிவந்த மங்கலம் அக்காவுக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். மண்டபமே கை தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் உச்சுக் கொட்டினாள். நான் கையில் பாதிப் பப்ஸோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

விடமாட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

திருநா போன் செய்தார். இருபத்து நாலாம் தேதி சென்னை, பெங்களூர் ஆட்களோடு முதல் பயணம். "சிஸ்டர், அம்பு நீங்கதான் போடணும். நீங்க போட்டாதான் நேரா இருக்கும்."

எங்கள் குழுவில் அதுதான் வழக்கம். பயணத்தன்று விடிவதற்கு முன் ஒருவர் முன்னே போய், ஒவ்வொரு பிரிவிலும் ரோட்டில் கோலமாவால் அம்பு போட்டுவிட்டு வருவார். பின்னால் வருகிறவர்கள் போனைப் பார்க்கமாட்டார்கள், வழியில் யாரையும் கேட்கமாட்டார்கள், மாவைப் பார்த்தே திரும்புவார்கள். முதல் தடவை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது இதே திருநா, "கோலம் போடற கைங்க யாருதோ அவங்க போடுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டதே கிடையாது. அம்புதான் எனக்குத் தெரிந்த ஒரே கோலம்.

அந்தக் கண் கதையைக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. கேட்டுவிட்டேன். "ஐயோ சிஸ்டர், ஜனங்களுக்குக் கேக்க ஒரு சுவாரசியம் வேணும்ல? யார் கண்ணா இருந்தா என்ன, நம்ம குழுதானே?"

யார் கண்ணா இருந்தா என்னவா?

"சரி, அம்பு போடறேன்" என்றேன். இவ்வளவு இனிமையாக நான் யாரிடமும் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் சார்லஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு என் குரல் தெரியும்.

ஜனவரி 11, ஞாயிறு

கோயிலில் ஜெபம். பிறர் குற்றத்தை மன்னிக்கிற வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். பொய்யாகச் சொல்வதைவிட அது மேல் இல்லையா?

ஜனவரி 17, சனி

பொங்கல் கூட்டம் குறைந்திருந்தது. தனியாகக் கிள்ளை வரை போய் வந்தேன்.

கிள்ளைப் பிரிவில் இடது பக்கம் போனால் பிச்சாவரம் ரோடு. வலது பக்கம் மண் கரை ஒன்று போகிறது. ஆரம்பத்தில் நன்றாக இருக்கும், பார்த்தால் ஆசை வரும். போகப் போகக் குறுகி, இரண்டு பக்கமும் தில்லை மரம் அடைத்து, கடைசியில் ஒரு பாழடைந்த இறால் குட்டையில் போய் முடியும். திருப்பக்கூட இடமில்லை. முழங்கால் வரை சேறு. நான் கண்ணைத் தொலைத்ததும் அங்கேதான்.

வழி கண்டவர், வந்த விருந்தாளிகளோடு அந்தக் குட்டையில் போய் நிற்கட்டும். வீடியோ எடுக்கிறவனும் வருகிறானாம். எடுக்கட்டும், நன்றாக எடுக்கட்டும்.

சார்லஸிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பிரிசி, விட்டுத் தள்ளும்மா. அவன் ஒரு ஆளுன்னு…" என்றார். அவருடைய பேனாவை ஆபீஸில் யாராவது எடுத்துக்கொண்டு போனால்கூட ஒரு வாரம் புலம்புவார். என் கண் என்றால் மட்டும் விட்டுத் தள்ளணும்!

ஜனவரி 24, சனி

கை இன்னும் மாவு நாற்றம் அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

எல்லா அம்பையும் ஒழுங்காகப் போட்டேன். கிள்ளைப் பிரிவில் மட்டும் வலது பக்கம். மற்றதைவிட அதைத்தான் அழகாகப் போட்டேன். பிறகு பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி, டீக்கடையில் நின்ற கூட்டத்தோடு சேர்ந்து, கடைசி ஆளாக மிதித்தேன்.

திருநா முன்னால். பிரிவு வந்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை, வலது பக்கம் திரும்பினார். வழி தெரிந்தவராக இருந்தால் நின்றிருப்பார் இல்லையா? எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது.

கரை முடிந்தது. சேறு. எல்லோரும் இறங்கி முழித்தார்கள். இப்போது மாட்டினாய் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன்! திரும்பி நின்று, கையை விரித்து, "சர்ப்ரைஸ்! இதான் ஒரிஜினல் தில்லைவனம். மேப்புலயே கெடையாது. உங்களுக்காக ஸ்பெஷலா கூட்டியாந்தேன்" என்றார். கை தட்டினார்கள். என்னுடைய பழிவாங்கலையும் எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். எனக்குக் காது சூடேறிவிட்டது.

ஒரு பெங்களூர்க்காரர், "இதுல தில்லை மரம் எது சார்?" என்று கேட்டார். திருநா குட்டைக்கு அந்தப் பக்கம் வேரைத் தூக்கிக்கொண்டு நின்ற சுரபுன்னையைக் காட்டினார். "அதோ, அதான். கிட்ட போவாதீங்க. நான் பட்டவன் சொல்றேன்." சொல்லிவிட்டு, அது வீடியோவில் தெரியவேண்டும் என்று முகத்துக்கு நேரே மறைத்த கிளையைப் பிடித்து, இழுத்து, ஒடித்தார்.

அது தில்லை.

நான் பார்த்தேன். ஒடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் வந்ததைப் பார்த்தேன். அது அவர் விரலில் வழிந்ததைப் பார்த்தேன். "கண்ணத் தொடாதீங்க." இவ்வளவுதான் சொல்லவேண்டியது. தொண்டையில் இருந்தது. வரவில்லை என்று எழுதலாம். நான் வரவிடவில்லை. அவர் வெயிலுக்கு நெற்றியைத் துடைத்தார், அப்படியே கண்ணையும்.

அப்புறம் அந்தக் கத்தல்.

ஓடினேன். எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கினேன். சேற்றில் உட்காரவைத்துத் தலையைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். "கசக்காதீங்க, கசக்காதீங்க." மங்கலம் அக்கா எனக்குச் சொன்ன அதே வார்த்தை. "சிஸ்டர், சிஸ்டர்" என்று என் முழங்கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அந்தப் பெங்களூர்க்காரர் பாவம், நிஜமாகவே புரியாமல், "இது இவருக்கு ரெண்டாவது தடவையா?" என்றார். நான் அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

கரை முழுக்க அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். ரோட்டுக்கு வந்தபோது என் அம்பு இல்லை. அவர்களுடைய சக்கரங்களே அதை அழித்திருந்தன. ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சந்தோஷமா இருந்துச்சா? இருந்துச்சு. பொய் சொல்லி எதுக்கு? தண்ணி ஊத்தறப்பவும் இருந்துச்சு.

ஜனவரி 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். சார்லஸ் தனியாகப் போனார்.

ஜனவரி 26, திங்கள்

காலையில் திருநா போன். குரல் இறங்கியிருந்தது. "சிஸ்டர், டாக்டர் சரியாயிடும்னு சொல்றாரு. ஆனா இன்னும் எல்லாம் இருட்டாதான் இருக்கு. கண்ணு திரும்ப வந்துடுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தேன் போலிருக்கிறது. "நீங்கதான் ஏற்கெனவே பட்டவராச்சே. உங்களுக்குத் தெரியாததா?"

போனை வைத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து சார்லஸ் கரண்டியோடு வந்து நின்றார். "நீயா பேசின? உன் கண்ணு கட்டியிருந்தப்ப என்ன கேட்டுக்கிட்டே இருந்த, ஞாபகம் இருக்கா? வருமா வருமான்னு. நான் தூங்கவேயில்ல ரெண்டு நாளும்." கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

ஞாபகம் இருக்கு. அதனாலதானே இத்தனை கோவம்?

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளிக்கூடம் முடிந்ததும் திருநா வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பேச்சுமின்றி அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவி அமராவதி அழுதழுது முகம் வீங்கியிருந்தாள்.

"வந்துடும்" என்றேன். "முதல்ல வெளிச்சம் மட்டும் தெரியும். கூசும். அப்புறம் கலங்கலா ஆள் தெரியும். பயப்படாதீங்க." அவர் தலை அப்படியே தொங்கியது. அழுதாரோ என்னவோ, கட்டு இருந்ததால் தெரியவில்லை.

அமராவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

அவர் சொல்லட்டும் என்று நின்றேன். சொல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன், தெரியாது. கடைசியில் அவர்தான் சொன்னார். "அவங்களுக்குத்தான் பட்டுச்சு அமராவதி. மேடையில நான் சொன்னது அவங்க கதை. வழியும் அவங்க கண்டுபுடிச்சதுதான்."

அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்கமுடியாதது அவருடைய அதிர்ஷ்டம். காபி போட உள்ளே போனாள்.

அவள் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சிஸ்டர், அந்தப் பிரிவுல அம்பு… தெரிஞ்சேதானே போட்டீங்க?"

"ஆமா."

"நான் ஒடிக்கறப்ப பாத்தீங்களா?"

இதை எதிர்பார்க்கவில்லை. ஆமா என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகும் என்றும் எதிர்பார்க்கவில்லை. "பாத்தேன்" என்றேன்.

"ம்" என்றார். காபி வந்தது. டம்ளரை அவர் கையில் நான்தான் வைத்தேன். நல்ல காபி. மூன்று பேரும் குடித்தோம்.

ஜனவரி 31, சனி

குழுவில் எல்லோருக்கும் திருநா குரல் பதிவு அனுப்பியிருந்தார். கண் கதையும் வழியும் என்னுடையவை, தான் சொன்னது பொய் என்று. இருமல், நடுவில் குக்கர் விசில். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொல்லியிருக்கலாம். அவர் சொன்னால் நான் மறுத்திருக்கமாட்டேன். சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 14, சனி

அடுத்த பயணம் இன்று. திருநாவுக்குப் பார்வை முழுக்கத் திரும்பிவிட்டது. வெயிலுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி. என்னிடமிருந்த கோலமாவுப் பையை வாங்கிவர ஆள் அனுப்பாமல், நேற்று தானே வீட்டுக்கு வந்தார். "இனிமே அம்பு நான் போடறேன் சிஸ்டர். நீங்க முன்னாடி போங்க. வழி உங்களுது." கொடுத்துவிட்டேன்.

முதல் தடவையாக என் வழியில் நான் முன்னால். பின்னால் அத்தனை பேர். சவுக்குத்தோப்பில் காற்று எதிரே அடித்தது, ஆனாலும் மிதிக்கக் கஷ்டமே தெரியவில்லை. ரோடு முழுக்கத் திருநாவின் அம்புகள். எல்லாம் கோணல், சிலது வாத்துக்கால் போலிருந்தன. பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

கிள்ளைப் பிரிவு வந்தது. அம்பு இடது பக்கம் காட்டியது. சரியான பக்கம்தான். எனக்குத் தெரியாதா? என் வழி, கண்ணை மூடிக்கொண்டே போவேன்.

இருந்தாலும் பிரேக் பிடித்தேன். இறங்கினேன். ரோட்டை ஒரு தடவை, அம்பை ஒரு தடவை பார்த்தேன். பின்னால் வந்தவர்கள், "என்ன மேடம், வழி இதானே?" என்றார்கள்.

"இதான்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.