மேட்டில் ஏறாத கார்

அக்டோபர் 9
செனோவியா அம்மாவின் கார் மறுபடி வந்தது. டயாலிசிஸுக்காகக் கணவரை மலைக்கு அப்பால் ஏற்றிப் போகிற கார். மேட்டில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. பின்னால் மரலாரி ஹார்ன் அடிக்கும். பட்டறைக்கு வந்தால் மட்டும் சமர்த்துப் பிள்ளை.

முதலாளி சில்வியுவிடம் ஒரே வைத்தியம்: பெடலையே மாற்று. அளந்து பார்க்கலாமே என்றேன். “அளந்து கோட்டு தைக்கப் போறியா?” மாற்றினேன்.

அக்டோபர் 13
புதுப் பெடல். அதே கோளாறு. மேதைகள் நாங்கள்.

அக்டோபர் 14
பெடலுக்குள் இரண்டு சென்சார். ஒன்று சொல்வதில் பாதியை மற்றது சொல்ல வேண்டும். கணக்கு இடித்தால் கார் பயந்துபோய் எஞ்சினை நடக்க விடும், ஓட விடாது. ஒயரை ஆட்டினேன், இழுத்தேன். கணக்கு கச்சிதம். கல்லூரியில் நான் முதல் மாணவன். கார் கேள்விப்படவில்லை போலும்.

“மனுஷன் வழியிலயே போயிட்டா யாரு தம்பி பதில் சொல்றது?” என்றார் அம்மா. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அக்டோபர் 16
பெடலில் ஒயர் வந்து சேரும் கனெக்டருக்குள் ஈரத்தால் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. பெடல் மாற்றும்போது இதையேதானே கையில் பிடித்தேன் — உள்ளே பார்த்தேனா? கூரை, கண்ணாடி, ஹீட்டர், எங்கும் ஒழுகல் இல்லை. அப்ப தண்ணி எங்கேருந்துடா வருது?

அம்மாவையே கேட்டேன். கார் வாங்கிய அன்று பாதர் இலாரியான் கதவைத் திறந்து, எங்கள் சர்ச் வழக்கப்படி துளசிக் கொத்தால் உள்ளே தாராளமாகத் தீர்த்தம் தெளித்தாராம். கோளாறு வந்ததும், கண்ணு பட்டுவிட்டதென்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தெளிப்பு. “கால் பக்கம்தானே கோளாறு? அங்கேயே நல்லா தெளிங்க சாமின்னு நான்தான் சொன்னேன்.”

மலையேறும்போது ஈரம். திரும்புவதற்குள் ஹீட்டர் காயவைத்துவிடும். நான் அளந்ததெல்லாம் உலர்ந்த கார்.

அக்டோபர் 17
புதுக் கனெக்டர், உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் உறை. முதல் நாளே சந்தேகப்பட்டதாக சில்வியு ஊரெல்லாம் சொல்கிறார்.

பாதரிடம் போய், இனி கூரைமேல் மட்டும் என்றேன். தாடியைத் தடவினார். “ஒயரிங் படம் ஒண்ணு குடு தம்பி. மேல அனுப்பி வைக்கிறேன்.”

அக்டோபர் 26
போன வாரம் முழுக்கக் குறை இல்லை. நம்பாமல் இன்று நானும் பின்சீட்டில் ஏறினேன். கோயில் வாசலில் பாதர் காரைத் தொடவே இல்லை. கொத்தை என் தலைமேல் உதறி, என் பெயர் சொல்லி ஜெபித்தார். அம்மாவின் ஏற்பாடு. பரவாயில்லை, அந்தத் தலைக்குள் ஒயரே கிடையாது என்று சில்வியு எப்போதோ சான்று கொடுத்துவிட்டார்.

மேட்டில் மரலாரியை முந்தினோம். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் காலர் அப்போதும் ஈரமாகவே இருந்தது.