ஏரிமேல் மூடிய கதவு

ஜனவரி 9
ஆஸ்பத்திரியில் இன்று மானம் போனது. மகள் லோர்னாவைச் சோதித்து முடித்த டாக்டரம்மாவுக்குக் கை கொடுத்தேன், சுளீரென்று ஷாக். "யம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த கிழவர் ஊன்றுகோலைத் தவறவிட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வெளியே உறைகுளிர், உள்ளே ஹீட்டர். காத்து காஞ்சு கிடக்கு, அதான் ஷாக். மூக்கும் இப்படித்தான் காயும். ஃப்ளூ கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். பனி உருகுற வரைக்கும் ஆள் கூடுற மூடின அறைக்குள்ள இவளை விடாதீங்க."

என் மகளுக்குள் வேலை செய்வது அவள் அம்மா அய்லி கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாத்திரை. மாத்திரையால் நோயைத் தாங்கும் தெம்பு இல்லை.

ஜனவரி 20
சர்ச் கூடாது, கடை கூடாது. லோர்னா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 27
எனக்கொரு யோசனை. (எனக்கு யோசனை வந்தாலே அய்லி நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள்.) உறைந்த ஏரிமேல், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் நம் கொட்டகை இருக்கிறதே!

"சுத்தி வெட்டவெளி. கிருமி என்ன, சறுக்குக்கட்டை மாட்டிக்கிட்டா வரும்?" என்றேன். லோர்னா சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

"கதவைத் திறந்தே வைக்கணும், ரெய்னோ. சத்தியம் பண்ணு," என்றாள் அய்லி. பண்ணினேன்.

பிப்ரவரி 3
மீன் நாலு. மூன்று லோர்னா பிடித்தது. பக்கத்துக் கொட்டகை டோய்வோ காபி ஃபிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தான், இருமினான்.

"காய்ச்சலாடா?"

"போடா, குளிர் காத்து தொண்டையைக் கீறுது. ஊரே இருமுது."

"அப்பா, கதவைக் கொஞ்சம் திறக்கலாமா?" என்றாள் லோர்னா. "அடுப்புச் சூடு போயிடும்மா," என்றேன். வெளியே மைனஸ் இருபத்தைந்து. நல்ல நாள்.

பிப்ரவரி 7
லோர்னாவுக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 10
ஐ.சி.யூ. வெட்டவெளியாம். நல்லா இருக்குடா உன் வெட்டவெளி. அதன் நடுவில் ஒரு பெட்டி அடித்து, சந்து பொந்தெல்லாம் அடைத்து, உள்ளே அடுப்பும் வைத்து — கிருமிக்கு லாட்ஜ் கட்டிக் கொடுத்திருக்கிறேன். டோய்வோ போன் செய்தான். அவனுக்கு ஃப்ளூதானாம். "நல்லவேளை, சீக்கிரம் விட்டுச்சு." போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 2
அவள் பிழைத்துவிட்டாள். சிறுநீரகம் பிழைக்கவில்லை.

ஏப்ரல் 21
ஏரிமேல் பனிக்கட்டி உடைந்து உருகிவிட்டது. அய்லி எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறாள். ஈரக் காற்று. கதவுப் பிடியைத் தொட்டேன், ஷாக் இல்லை. இனி ஈரம் வந்து எதற்கு?

லோர்னாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினோம். அய்லி, விலாவுக்குக் கீழே தன் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்குக் கதவு திறந்துதானே இருந்தது?"

நான் வாய் திறக்குமுன் லோர்னா, "திறந்துதாம்மா இருந்துச்சு. நான் நடுங்கினேன்னு அப்பா தன் கோட்டையே கழட்டிக் குடுத்தாரு," என்றாள்.

அய்லி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். நான் காரைக் கிளப்பினேன்.

மூடித்தான் இருந்தது, அய்லி. அவள் கேட்டும் நான் திறக்கவில்லை.