விளக்கு பெயரைச் சொல்லாது

நேற்றுக் காலை செம்பூரிலிருந்து கிளம்பிய ஐந்தாவது நிமிடம் உன் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. சின்னக் கார் படம், அதன் கீழே நெளிந்த இரண்டு தடம். சக்கரம் வழுக்கினால் வண்டி தானே பிடித்துக்கொள்ளும் வசதி இனி இல்லை என்று பொருள். நீ போய்ச் சேர்ந்த பதினாலு மாதத்தில் வண்டி என்னிடம் வைத்த முதல் புகார்.

பக்கத்தில் உன் மனைவி. ஒன்பது மணிக்கு வாஷியில் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது; இது மிச்சமிருக்கும் கண். பேய் மழை. வாடகைக் கார்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ரத்தாகியிருந்தன. முன்னால் வழுக்கும் பாலம்.

"ஏன் அண்ணா ஓரம் கட்டறேள்?"

"ஒண்ணுமில்லம்மா, ஒரு நிமிசம்."

"விளக்கு புகார்தான் குடுக்கும்டா, பேரைச் சொல்லாது. நாமதான் விசாரிக்கணும்" என்பாய். விசாரித்தேன். எஞ்சினை அணைத்து மறுபடி போட்டேன், விளக்கு மறைந்தது. இருபது அடி நகர்ந்ததும் மீண்டும் எரிந்தது. நின்றால் சும்மா இருந்து ஓடினால் எரிகிறதென்றால் கோளாறு சக்கரப் பக்கம். இதுவும் நீ சொன்னதுதான். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சொல்ல ஒரு சென்சார் உண்டு. நான்கில் ஒன்று பேச்சை நிறுத்தியிருந்தது. எது? டயர்களில் காற்று சரியாகவே இருந்தது. மணி ஏழே முக்கால்.

ஆபீசுக்கு ஒன்றாகப் போன காலத்தில், மாட்டுங்காவில் அப்போது நீ குடியிருந்த கட்டட வாசலில் நான் காத்திருப்பேன். ஒவ்வோர் ஆவணி அவிட்டத்தன்றும் நீ பூணூல் மாற்றிக்கொண்டு வந்து, வெற்று மார்போடு வண்டிக்கடியில் படுப்பாய். தாராவியில் பிறந்த திருநெல்வேலிக்காரன் சும்மா இருப்பேனா?

"ஏல, காருக்கும் பூணூல் மாத்துதியா?"

"ஆமாண்டா. அதுவும்தானே நம்மோட உழைக்கறது."

கிண்டல் எழுதிப் பெயர் வாங்கியவன் நான். நல்ல வரி என்று இரண்டு கட்டுரைகளில் பயன்படுத்தியும் கொண்டேன்.

நேற்று மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்த தேவ்நாரில் ஒரு மெக்கானிக் ஜாக்கி வைத்து, இடப் பக்கப் பின்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். அவரும் தாராவிக்காரர்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இது என்ன, பூணூலா?"

சென்சார் ஒயரைப் பிடிக்கும் கிளிப் எப்போதோ உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் நூல். வருடத்துக்கொன்றாகச் சுற்றி, கிரீசில் கறுத்த நூல். போன ஆவணியில் புதிதாகச் சுற்ற ஆள் இல்லை. மக்கி அறுந்து, ஒயர் தொங்கி டயரில் உரசிக்கொண்டிருந்தது.

"ஒரு கிளிப் கெடைக்கலியா இதக் கட்டினவருக்கு?" என்றார் மெக்கானிக்.

காருக்குள்ளிருந்து உன் மனைவி சொன்னார்: "எதையும் தூக்கிப் போட மாட்டாரே. பழசை சமுத்திரத்துல விட்டுட்டேன்னு எங்கிட்ட சொல்வார்."

மெக்கானிக் ஒயருக்கு டேப் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினார். இருபது அடி ஓட்டினேன். எரியவில்லை. பாலத்தில் பாதிக் கண் சாலையிலும் பாதிக் கண் விளக்கு வரக்கூடிய இடத்திலுமாகப் போனேன். மூச்சு விட்டது வாஷியில்தான். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

இன்று காலை கண் கட்டைப் பிரித்தார்கள். உன் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணா, நேத்திக்குப் போட்ட சட்டையா? பையில என்ன கறுப்பா கறை?"

அறுந்த நூலை எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பூணூல் போடாதவன் நான். வரும் ஆவணி அவிட்டத்தன்று வண்டிக்கடியில் படுக்க வேண்டும். பட்டை பிடித்திருக்கிறதா என்று பார்க்க.