மாதாவுக்கு முட்டை

அன்புள்ள தெமியானா,

ஆண்டவர் நிழலில் நீயும் குழந்தையும் சுகமா? உன் முதுகுவலி குறைந்ததா? அலெக்சாந்திரியாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். தவக்காலத்தில் நான் தினமும் முட்டை வாங்குகிறேன் என்று கடைக்கார தெரேசா அக்கா கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோயிலுக்கு மாதா படம் வரையும் வேலையிலிருந்து என்னை நிறுத்திவிடும் கோபத்தில் சாமியாரே படியேறி வந்துவிட்டார்.

"நோன்புல முட்டை தின்னுட்டா மாதாவ வரையிற, வனீஸ்?"

மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்துப் பலகையில் தீட்டிக் காட்டினேன்.

"அட, முட்டையெல்லாம் மாதாவுக்குத்தானா! அவங்கள நான் கேள்வி கேக்க முடியாதுப்பா" என்று சிரித்துவிட்டார். வெள்ளைக் கருவைத் தின்று பக்கத்து வீட்டுப் பூனைதான் கொழுத்துவிட்டது.

மாதாவின் கண்கள் உன் கண்களைப் போலவே வந்துவிட்டன. சாமியாரிடம் சொல்லவில்லை. முக்காடுதான் படுத்துகிறது. ஜெபித்துவிட்டுத் தொட்டாலும் நான் நினைக்கும் நீலம் வரவில்லை. ரொட்டி சுடும்போது நீ தலையில் கட்டுவாயே, அந்த வெளிறிய நீலத் துணியை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. பார்த்துக் குழைக்க வேண்டும்.

பூசைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். துணியைத் துவைக்காமல் அனுப்பு. மாதாவுக்கு நிறம் போதும், எனக்குப் போதாது.

உன்
வனீஸ்