ஊசி கொடுத்த வாக்கு

ஆடி 27, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. தென்னை மட்டை இரண்டு விழுந்தது. கோயமுத்தூரில் இவருக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற டெஸ்ட். வெறும் வயிறு, அதனால் கார் டிரைவர்மேல்கூட எரிந்து விழுந்தார்.

ஊசிக்கு முன்னாலேயே டாக்டர் சொன்னார்: "முழு மயக்கமில்லைங்க. பேசுவீங்க, ஆனா மனசுல பதியாது. ஊசிக்கு முந்தினது எல்லாம் ஞாபகமிருக்கும், பிந்தினது மருந்து இறங்குற வரைக்கும் நிக்காது. இன்னிக்கு முக்கியமான முடிவு ஒண்ணும் எடுக்காதீங்க."

நிஜம்தான். வெளியே வந்ததும், "ஏம்புள்ள, டெஸ்ட் எப்ப?" முடிஞ்சுதுங்க என்றேன். தலையாட்டினார். மறுபடி, "டெஸ்ட் எப்ப?" இட்லி வரும் வரை இதே பாட்டு. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சாதுவாகப் பார்த்ததில்லை. அந்த ஊசி மருந்துக்கடையில் கிடைக்குமா?

மத்தியானம், திரும்பும் வழியில், மலைமேல் சாந்தன்பாறையிலிருந்து ஃபோன். எங்கள் மகள் கவிதாவைக் கேட்டுத் தை மாதத்திலிருந்து காத்திருக்கும் பையனின் அம்மா. இவள் கட்டினால் அவனைத்தான் என்கிறாள். மலைக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது இவர் அண்ணன் போட்ட சட்டம். அண்ணன் கிழித்த கோட்டை இவர் தாண்டினதே இல்லை.

டெஸ்ட் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். இவர் ஃபோனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, "குடுக்குறோமுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி தட்டத்தோட வாங்க."

அந்தம்மாவுக்கு அழுகை. "முழங்கால் வலிதாண்ணே, ஆனா தவழ்ந்தாவது வந்துருவேன்." இவர் உடனே குறட்டை.

ஆடி 28, புதன்

காபியோடு சொன்னேன். வாக்கு கொடுத்ததை மட்டும்.

"நானா? ஆடியில ஒரு சட்டிகூட வாங்கமாட்டேன், வாக்குக் குடுப்பனா? ஊசி பேசியிருக்கும்."

"அப்ப வேண்டாமுன்னு சொல்லீரட்டுங்களா?"

"குடுத்த வாக்கைத் திருப்பி வாங்குறதா? நம்மூட்டுல அந்தப் பழக்கமில்ல."

ஞாபகமில்லாத வாக்குக்கும் மானம் உண்டாம். கவிதா அடுக்களையில் சிரிக்கிறாள், அழுகிறாள், தோசை கருகுகிறது.

அண்ணன் வந்து கத்தினார். இவர் கையை விரித்து, "மருந்துங்ணா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நா என்ன பண்ணட்டும்?" அண்ணன் டாக்டரைத் திட்டிவிட்டுப் போனார்.

வாங்க வேண்டியது: வெற்றிலை, சேமியா, முந்திரி. சோபா உறை துவைக்கணும்.

ஆவணி 1, ஞாயிறு

நல்ல வெயில். தட்டத்தோடு வந்துவிட்டார்கள். கூடமெல்லாம் ஏலக்காய் வாசம். அண்ணன் உர்ரென்று, ஆனால் முன் வரிசையில். அந்தம்மா சரசரவென்று படியேறி வந்தார்கள். நொண்டல் ஏதுமில்லை. கவிதா முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோச்சு.

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் அந்தம்மாவிடம், மெதுவாக: "முழங்கால் இப்பத் தேவலைங்களா?"

அது ஃபோனில் சொன்னது. நானே மறந்துபோயிருந்தேன். இவரிடம் யாரும் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இவர் சட்டென்று அண்ணனைப் பார்த்தார், பிறகு டம்ளரை. டெஸ்டில் இவருக்கு வயிற்றுப்புண், இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.