மணல் டயரும் மல்லாட்டைக் கொடியும்

நேற்று விழுப்புரத்தில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். நம் மகள் காடுமேடு சுற்றுவதற்கென்று ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதற்கு டயர் மாற்றப் போனவள், வீட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று என்னையும் கூட்டிப்போனாள். கடைக்குள் நுழைந்ததுமே புது ரப்பர் வாசனை. எனக்கு உங்கள் சட்டையின் ஞாபகம் வந்துவிட்டது.

கடைக்காரர் நாலு டயரையும் காட்டி முடித்துவிட்டு, "ஸ்டெப்னிக்குப் பழசு ஒண்ணு போட்டுக்கோங்க மேடம். சும்மா தொங்கிக்கினு வர்றதுதானே?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னம்மா?" என்றாள் மகள். "உங்கப்பாவும் இதே ஊர்ல இதையேதான் சொன்னாரு" என்றேன்.

ஐம்பதுகளின் கடைசி. நமக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் திண்டிவனத்தில் மாட்டு டாக்டர். சர்க்கார் உங்களுக்கு வண்டி கொடுக்கவில்லை. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு கிழட்டு ஜீப்பில்தான் ஊர் ஊராகப் போனீர்கள். ஒருநாள் விழுப்புரத்தில் சினிமாவுக்குப் போகலாம் என்றீர்கள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டி டயர் கடை வாசலில் நின்றது.

"அஞ்சே நிமிஷம்" என்றீர்கள். அன்று நாம் சினிமா பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் டயர்களைத் தடவிப் பார்த்த விதத்தைப் பார்த்துக் கோபம் போய்விட்டது. மாட்டின் விலாவைத் தடவுவது போலத் தடவினீர்கள். கடைக்காரர் அகலமான, மேல்பக்கம் வழவழப்பான ஒரு டயரைத் தூக்கிப் போட்டு, "இது மணல் டயர் சார். மரக்காணம் பக்கம் போறவங்க இதத்தான் கேக்குறாங்க" என்றார். நீங்கள் தலையாட்டவில்லை. மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் எந்த டயரும் போகும், வானூர்ச் செம்மண்ணும் அப்படித்தான், ஆனால் முகையூர்ப் பக்கத்துக் களிமண் சக்கரத்தை விடாது என்று எனக்கு விளக்கினீர்கள். ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயர்தான் சேற்றைக் கடித்துப் பிடிக்கும், சுற்றும்போதே சேற்றை உதறியும் விடும். தார் ரோட்டில் காது கிழியச் சத்தம் போடும், போடட்டும் என்றீர்கள். அந்த ரகத்தில் கடையில் நாலுதான் இருந்தது. நாலையும் எடுத்தீர்கள்.

பிறகு மூலையில் கிடந்த ஒரு தேய்ந்த கார் டயரைக் காட்டி, "ஸ்டெப்னிக்கு இது போதும். பின்னாடி தொங்கிக்கிட்டு வர்றதுதானே" என்றீர்கள்.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன். "இது மத்ததைவிடக் குள்ளமா இருக்குதுங்களே. ஒரு கால் குட்டையா இருந்தா மாடு நொண்டாதா?"

நீங்கள் சிரித்தீர்கள். "நொண்டும். சேத்துல நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒண்ணு மட்டும் வேகமா சுத்தினா உள்ளே கியர் பல்லே தேஞ்சு போயிடும். எனக்குத் தெரியும். இன்னைக்கு எப்படி மறந்தேன்னுதான் தெரியல."

"பக்கத்துல பட்டுப்புடவை நிக்குதுல்ல சார்" என்றார் கடைக்காரர். உங்கள் காது சிவந்துபோனது.

கடைசியில் அந்த மணல் டயரையே ஸ்டெப்னியாக எடுத்தோம். பிடிமானம் வேறுதான், ஆனால் உயரம் ஒன்று. உயரம் ஒத்துப்போனால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்றீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. முகையூருக்கு அப்பால் ஓர் ஊரில் வெக்கை நோய் வந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னார். வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து மாடுகள் விழுந்துகொண்டிருந்தன. நோய் தொடாத மாடுகளுக்கு உடனே ஊசி போட்டாக வேண்டும். மருந்து ரயிலில் விழுப்புரம் வந்தது, ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில். ஐஸ் கரைந்தால் மருந்து செத்துவிடும்.

"நீயும் வா" என்றீர்கள். "ஊசின்னா மாட்டை ஒளிச்சு வெச்சுடறாங்க. பொம்பளைங்ககிட்ட நீ பேசு."

பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்கு முன்னால் ஓர் ஏரி. அதன் கரையோரம் சேற்றில் புதைந்திருந்த உடைந்த ஏர்க் கொழு ஒன்று முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஜாக்கி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. பின்சீட்டுப் பலகையைக் கழற்றி அதற்கு அடியில் கொடுத்தோம். மணல் டயரை மாட்டினீர்கள். வண்டி கிளம்பியது, கொஞ்ச தூரம் போனது, பிறகு அந்த வழவழப்புச் சக்கரம் வழுக்கி, ஏரிப்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. பிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தேன். கட்டிகள் மோதும் சத்தம் குறைந்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவள். தலையில் ஒரு கட்டு மல்லாட்டைக் கொடி, வேர்க்கடலைச் செடிதான். மல்லாட்டை பிடுங்கியதற்குக் கூலியோடு கிடைத்தது, அவளுடைய ஒரே பசுவின் தீனி.

"இன்னா சார், மாட்டு டாக்டரா?" என்றாள். "ஊசி போட்டா மாடு செத்துப்பூடும்னு சொல்லிக்கினு கீறாங்களே, நெசமா?"

"ஊசி போடலன்னாதான் சாகும்மா" என்றீர்கள். "ஆனா இந்த ஐஸ் கரையறதுக்குள்ள நான் ஊருக்குள்ள வரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு தாயி. உங்க வூட்டு மாட்டுக்கு இவரு போடுவாரா?"

"எங்கப்பா வீட்டு மாட்டுக்கு இவர்தான் போட்டாரு. கல்யாணத்துக்கு வந்தவரு, தாலி கட்டுன மறுநாளே தொழுவத்துல நின்னாரு" என்றேன். அது உண்மைதானே?

அஞ்சலை தலைச்சுமையை இறக்கி, கொடியைப் பிரித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, காலால் மிதித்து அமுக்கினாள். "வேணாம்மா, மாட்டுத் தீனி" என்றேன். "மாடு இருந்தாத்தான தீனி? ஜல்தியா எடுக்கச் சொல்லு" என்றாள். அவளோடு வந்த பெண்கள் பின்னால் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். பட்டையான அந்தச் சக்கரம் கொடிமேல் ஏறி உட்கார்ந்தது. வண்டி மேலே வந்தது.

ஊரில் பெரிய பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "டாக்டர், நம்ம தொழுவத்துல ஆரம்பிச்சிடுங்க" என்றார். நீங்கள் மரியாதையாகக் கும்பிட்டீர்கள். "வர்றேங்க. ஆனா வண்டி இந்தம்மா மாட்டுத் தீனி மேல ஏறித்தான் வந்துச்சு. முதல் ஊசி அவங்க மாட்டுக்கு."

அவர் முகம் சுருங்கியது. நான் பயந்தேன். நீங்கள் அவரைத் தாண்டிக் காலனிக்குள் நடந்தீர்கள், பிளாஸ்கோடு நான் பின்னால். அஞ்சலையின் பசு மிரளாமல் நின்றது. ஊரே தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. ஊசி போட்ட பசு தலையை உதறிவிட்டுத் தரையில் கிடந்த புல்லைக் கடித்தது. அவ்வளவுதான், ஒளித்து வைத்த மாடுகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பண்ணைக்காரரே தன் காளைகளை ஓட்டிவந்து வரிசையில் நின்றார். மருந்து தீர்ந்தபோது பிளாஸ்கில் நகத்தளவு ஐஸ் மிச்சமிருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

நோய் அந்த ஊரை விட்டுப் போய்விட்டது. தை கழிந்து அஞ்சலை திண்டிவனம் வரைக்கும் நடந்தும் பஸ் பிடித்தும் வந்தாள், கையில் ஒரு தூக்கில் சீம்பால். பசு கன்று போட்டிருந்தது. வாசலிலேயே நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். நான் வெல்லம் போட்டுக் காய்ச்சினேன். மூவரும் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டில் இரண்டு வாரம் நம்மோடு பேசவில்லை. "பேஜாரு விட்டுது" என்றீர்கள், அஞ்சலையின் குரலிலேயே.

நீங்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் எத்தனையோ விசேஷங்கள் நடந்துவிட்டன. பந்தியில் நான்தான் இன்னும் முதல் கரண்டி எடுக்கிறேன். தலைவாசல் பக்கம் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி, வரிசையின் கடைசியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய், அங்கிருந்து பரிமாற ஆரம்பிக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது நம் மகளும் அப்படித்தான் பரிமாறுகிறாள். ஏன் என்று அவள் என்னைக் கேட்டதே இல்லை.